புதுமண்டபத்துக் குடித்தனங்கள்

மதுரையில் சாமி இளைப்பாறக் கட்டிய கல்மண்டபம் ஒரு நூற்றாண்டுக்கு மேல் சந்தையாக இருந்தது. இப்போது கடைகள் வெளியேறிவிட்டன. காலியான மண்டபத்துக்கு இனி என்ன வேலை கொடுப்பது?

சித்திரைத் திருவிழாவுக்குக் கொடியேறுவதற்கு வெகு நாள் முன்பே மதுரைப் புதுமண்டபத்தில் கடைகள் இருந்த காலத்தில் தையல் மெஷின்கள் சூடாகிவிடும். கள்ளழகர் வைகையில் இறங்கும் நாளில் நேர்த்திக்கடன் செலுத்துகிறவர்கள் கருப்பசாமி கோலத்தில் வருவார்கள். அவர்களுக்குச் சல்லடம் வேண்டும், உருமா வேண்டும், ஜிகினா வைத்துத் தைத்த மேலாடை வேண்டும். சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து அளவு கொடுத்துவிட்டுப் போவார்கள். இந்த வேலையில் கைதேர்ந்த தையல்காரர்கள் பலர் முஸ்லிம்கள். அப்பா உட்கார்ந்த அதே தூணடியில் மகன் மெஷின் போட்டு, கருப்பனுக்கும் அழகருக்கும் துணி வெட்டுவது அங்கே யாருக்கும் வியப்பாக இருந்ததில்லை.

திருவிழா உடை ஒரு பகுதிதான். தேருக்குத் தொம்பை, கோயிலுக்குக் குடை, சாமிக்குத் திரைச்சீலை, பரதநாட்டியப் பிள்ளைகளுக்கு உடுப்பு, பள்ளிக்கூட ஆண்டுவிழாவுக்கு ராஜா வேஷம், கல்யாணச் சீருக்குப் பித்தளைக் குத்துவிளக்கு, வளையல், பாசிமணி, பஞ்சாங்கம் என்று எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே கிடைத்தன. ஏறக்குறைய முந்நூறு கடைகள். வாங்க வந்தவர்கள் தலைக்கு மேலே நிமிர்ந்து பார்த்தால் யாளி, குதிரை வீரன், ஊர்த்துவ தாண்டவம். பெரும்பாலும் யாரும் நிமிர்ந்து பார்த்ததில்லை.

வெயிலுக்கு ஒரு மண்டபம்

மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, தெருவைத் தாண்டி நிற்கிறது புதுமண்டபம். கட்டியவர் திருமலை நாயக்கர். அவர் ஆண்டது 1623 முதல் 1659 வரை. அந்த ஆட்சியின் முதல் பாதியில் மண்டபம் எழுந்தது. நீளம் சுமார் 333 அடி, அகலம் 105 அடி. நான்கு வரிசைகளில் நூற்றிருபதுக்கும் மேற்பட்ட தூண்கள்.

வைகாசி வெயிலில் மீனாட்சியையும் சுந்தரேசுவரரையும் கோயிலை விட்டு வெளியே எழுந்தருளச் செய்து குளிர்விக்கும் வசந்த உற்சவத்துக்காகக் கட்டியது இது. உள்ளே சாமி அமர ஒரு சிறு மண்டபம். சுற்றிலும் நீர் நிறுத்த ஓர் அகழி. தண்ணீரின் மேலாக வரும் காற்று தூண்களுக்கு ஊடே புகுந்து போகும். மேலே கனத்த கல் கூரை வெயிலைத் தடுக்கும். மின்விசிறி இல்லாத காலத்து மதுரை, கோடையைச் சமாளிக்கக் கண்டுபிடித்த பொறியியல் இது. கடவுளுக்காகச் செய்தது என்றாலும் உடல் பட்ட பாட்டிலிருந்து பிறந்த யோசனைதான்.

நடுப் பாதையின் இருபுறமும் தூண்களில் விசுவநாத நாயக்கரிலிருந்து திருமலை நாயக்கர் வரை பத்து நாயக்க மன்னர்கள் கைகூப்பி நிற்கிறார்கள். மற்றத் தூண்களில் மீனாட்சி கல்யாணம், கயிலையைத் தூக்கும் ராவணன், கல்யானைக்குக் கரும்பு கொடுத்த சித்தர், தாயை இழந்த பன்றிக்குட்டிகளுக்குப் பால் கொடுத்த சிவன் என்று மதுரைத் திருவிளையாடல்கள். ஊர் தன் கதைகளைத் தானே கல்லில் அடித்து வைத்துக்கொண்ட இடம்.

கிழக்கே, மண்டபத்துக்கு எதிரில், திருமலை நாயக்கர் தொடங்கிய ராயகோபுரம் அடித்தளத்தோடு நின்றுபோனது. முடிந்திருந்தால் தென்னாட்டின் மிகப் பெரிய கோபுரங்களில் ஒன்றாக இருந்திருக்கும். இன்று அதன் பிரம்மாண்டமான கல் நிலைகளுக்கு இடையிலும் ஒட்டியும் கடைகள். மதுரையில் கல் சும்மா நின்றால் அதன் நிழலில் ஒரு வியாபாரி உட்கார்ந்துவிடுவார்; இது நேற்று வந்த பழக்கமில்லை.

சித்திரையில் மீனாட்சி கல்யாணத்தையும் அழகர் ஆற்றில் இறங்குவதையும் ஒரே விழாவாகச் சேர்த்தவரும் திருமலை நாயக்கர்தான் என்று மதுரை நெடுங்காலமாகச் சொல்லி வருகிறது. அப்படியானால் அழகர் திருவிழா உடைகளைத் தைக்கும் தொழில் அவர் கட்டிய மண்டபத்திலேயே வந்து உட்கார்ந்ததில் ஒரு பொருத்தம் இருக்கிறது. சைவமும் வைணவமும், ஊரும் நாட்டுப்புறமும் கூடிய விழாவுக்கு வேண்டிய துணி, அந்த மண்டபத்தில்தான் வெட்டப்பட்டது.

லண்டன் போன மண்டபம்

கம்பெனி ஆட்சி வந்தபோது வெள்ளைக்காரர்களை மதுரையில் மிகவும் கவர்ந்தது இந்த மண்டபம். கோயிலின் உட்பகுதிக்குள் அவர்களால் போக முடியாது. இதற்குள் தாராளமாகப் போக முடிந்தது. வழிப்போக்கர் தங்கும் சத்திரம் என்று எண்ணி அதையே பெயராகவும் வைத்துவிட்டார்கள். 'திருமலை நாயக்கர் சத்திரம்' என்ற பெயரில்தான் ஐரோப்பாவில் இதன் புகழ் பரவியது.

1780-களில் மதுரையில் இருந்த ஆடம் பிளாக்காடர் என்ற சர்ஜன் இதைத் தூண் தூணாக அளந்து, வரைந்து, உள்ளூர்க் கைவினைஞர்களைக் கொண்டு உலோகத்தில் சிறு மாதிரி செய்வித்தார். அந்த மாதிரி இன்று லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1792-ல் ஓவியர்கள் தாமஸ் டேனியலும் வில்லியம் டேனியலும் மதுரை வந்து இதை வரைந்தார்கள். 1858-ல் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரர் லின்னேயஸ் டிரைப் தன் பெரிய கேமராவோடு வந்து படமெடுத்தார். இந்தியாவில் புகைப்படக்கலை தவழ்ந்துகொண்டிருந்த காலம் அது.

இவர்கள் பார்த்தது சிற்பத்தை, தூண்களின் வரிசையை, ஒளி நிழலை. அதே நூற்றாண்டில் மதுரையோ வேறு திசையில் போய்க்கொண்டிருந்தது. கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில், 1840 வாக்கில், நகரைச் சுற்றியிருந்த பழைய கோட்டைச் சுவர் இடிக்கப்பட்டது. கோட்டை அகழி தூர்க்கப்பட்டு, மனைகள் விற்கப்பட்டு, வெளிவீதிகள் உண்டாயின. அவர் நினைவாக எழுந்த விளக்குத்தூணின் பெயரிலேயே இன்றும் ஒரு கடைவீதி நடக்கிறது. மதிலுக்குள் அடைந்திருந்த ஊர் நாலாபக்கமும் பெருகியது, ரயிலும் வந்தது, கோயிலைச் சுற்றிய வீதிகள் தென் மாவட்டங்களுக்கே சந்தையாயின. அந்தச் சந்தையின் நட்டநடுவே, ஆண்டில் சில நாள் மட்டும் சாமி வந்து போகிற ஒரு பெரிய நிழல் காலியாக இருந்தது.

காலியாக எவ்வளவு நாள் இருக்கும்?

தூணுக்கு ஒரு கடை

கடைக்காரர்கள் அத்துமீறிக் குடியேறியவர்கள் என்று இன்று பேச்சுவாக்கில் சொல்லிவிடுகிறார்கள். அது சரியில்லை. அவர்கள் கோயிலுக்கு வாடகை கட்டியவர்கள். கோயிலுக்கு வருமானம், வியாபாரிக்கு நிழல், பக்தர்களுக்கு ஒரே இடத்தில் எல்லாச் சாமானும் என்று மூன்று தரப்புக்கும் ஒத்துப்போன ஏற்பாடு அது. நூறாண்டுக்கு மேல் ஓடியது.

இந்தச் சந்தை தமிழ் வாசிப்புக்கும் ஒரு பங்கு செய்திருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அச்சான கதைப்பாடல், நாடகப் பாட்டு, புராண வசனப் புத்தகங்களின் முகப்பைப் புரட்டினால் 'புதுமண்டபம், மதுரை' என்ற முகவரி அடிக்கடி கண்ணில் படும். இ.மா. கோபாலகிருஷ்ணக் கோன் போன்ற புத்தகக்கடைக்காரர்கள் விற்பனையோடு பதிப்பும் செய்தார்கள். நல்லதங்காள் கதை, மதுரை வீரன் கதை, ஜோசியம், வைத்தியம் எல்லாம் கொட்டை எழுத்தில், மலிவு விலையில், திருவிழாவுக்கு வந்த கிராமத்தார் கையில் ஊருக்குப் போயின. அவற்றை ஒருவர் வாசிக்கத் திண்ணையில் பத்துப் பேர் கேட்டார்கள். பல்கலைக்கழக நூலகத்தில் இடம்பெறாத ஒரு தமிழ் இலக்கியம் கல்மண்டபத்தின் தூணடியில் விற்றது.

மண்டபத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் நாயக்கர் காலத்தோடு பேனாவை மூடிவிடுவதுதான் வழக்கம். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அவர்களுக்குக் கெடுதல் மட்டுமே. ஆனால் கட்டடத்தின் ஆயுளில் சாமியும் வியாபாரியும் பங்குபோட்டுக்கொண்ட காலம் சின்னதில்லை. அந்தக் காலத்தை அழுக்கு என்று துடைத்துவிட்டால், கட்டடத்தின் கதையில் ஒரு பெரும்பகுதியைத் துடைத்துவிடுகிறோம்.

ஆணியும் ஒயரும்

அதற்காகச் சேதத்தை மறைக்கவும் முடியாது. அலமாரிக்காகத் தூண்களில் கட்டைகள் முட்டுக்கொடுக்கப்பட்டன. சரக்கு தொங்கவிட ஆணியும் கயிறும். சிற்பங்களின் இடுப்புவரை பலகை அடைத்தது. பல சிற்பங்களை ஒரு தலைமுறை முழுதும் பார்க்கவே இல்லை. அகழி கடைகளுக்கு இடையில் மறைந்து, தண்ணீர் நிறுத்தும் வழியில்லாமல் போனது. குளிர்ச்சிக்காகவே பிறந்த மண்டபத்துக்குள் காற்று புகாத நிலை. எல்லாவற்றுக்கும் மேல், துணியும் காகிதமும் அட்டைப்பெட்டியும் அடைந்த இடத்தின் குறுக்கும் நெடுக்கும் மின்சார ஒயர்கள்.

தீப்பிடிக்கும் என்ற பயம் வீண் பயமில்லை என்று 2018 பிப்ரவரி 2-ஆம் தேதி இரவு தெரிந்தது. எதிரே மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்குக் கோபுரத்தை ஒட்டி உள்ளே இருந்த வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்தது. அங்கே இருந்த கடைகள் எரிந்தன. நூற்றாண்டுகளாக நின்ற கருங்கல் வெப்பத்தில் வெடித்துக் கூரை சரிந்தது. கல் எரியாது என்று நாம் நினைக்கிறோம். எரியாதுதான், சூடேறினால் பிளக்கும், தண்ணீர் பட்டால் இன்னும் பிளக்கும். அந்த மண்டபத்தைத் திரும்ப எழுப்பத் தகுந்த கல்லைத் தேடி நாமக்கல் மாவட்டம்வரை போக வேண்டியிருந்தது. ஒரு ராத்திரியில் போனதை மீட்கும் வேலை ஆண்டுக்கணக்கில் நீண்டது.

அதற்குப் பிறகு புதுமண்டபத்தில் கடைகள் தொடர்வதை நியாயப்படுத்த யாராலும் முடியவில்லை. அருகிலிருந்த குன்னத்தூர் சத்திரம் என்ற பழைய கட்டடம் இருந்த இடத்தில், ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் மாநகராட்சி புதிய வணிகக் கட்டடம் எழுப்பியது. புதுமண்டபத்து வியாபாரிகள் அங்கே மாறினார்கள். வழிப்போக்கர் தங்கிய சத்திரம் கடைகளுக்கு இடம் கொடுத்தது. வெள்ளைக்காரன் சத்திரம் என்று எண்ணிய மண்டபம் கடைகளிடமிருந்து விடுபட்டது.

வாடிக்கைக்கு நஷ்டஈடு கிடையாது

கடை மாற்றுவது பெட்டி தூக்கி வைக்கிற வேலை மட்டும் என்றால் பிரச்சினையே இல்லை. இதை எழுதுகிறவன் மந்தாரக்குப்பத்துக்காரன். கடலூர்–விருத்தாசலம் சாலையில், நெய்வேலிச் சுரங்கத்தின் ஓரத்தில், ஷிப்ட் முடிந்து வருகிறவர்களை நம்பி வளர்ந்த கடைவீதி எங்கள் ஊர். 1956-ல் நெய்வேலி நிறுவனம் பதிவாகி, பழுப்பு நிலக்கரிக்காக மண்ணைத் தோண்டத் தொடங்கியதிலிருந்து சுற்றுவட்டாரத்தில் ஊர் ஊராக இடம் மாறியிருக்கிறது. நிலத்துக்கு விலை உண்டு, வீட்டுக்கு மதிப்பு உண்டு, புளியமரத்துக்குக்கூடக் கணக்கு உண்டு. டீக்கடைக்காரரின் வாடிக்கைக்கு மட்டும் எந்தப் படிவத்திலும் கட்டம் கிடையாது.

புதுமண்டபத்துத் தையல்காரரின் மூலதனம் மெஷின் இல்லை. 'புதுமண்டபத்துல குடுத்துட்டு வா' என்று கிராமத்தில் சொல்லும் அந்த வார்த்தைதான். அம்மன் சந்நிதிக்குப் போய்விட்டு வெளியே வருகிறவர் காலாற நிழலுக்குள் நுழைந்து, தேவையில்லாததையும் வாங்கிப் போகிற வழக்கம்தான். அடுக்குமாடியில் மேல்தளத்துக் கடைக்கு யாரும் காலாறப் படியேறுவதில்லை. சட்டமும் பாதுகாப்பும் சரியான முடிவைத்தான் எடுத்தன. ஆனால் அந்த முடிவின் செலவை மிகச் சிறிய முதலாளிகளிடம் வசூலித்தன.

அரண்மனைகள் பிழைத்த விதம்

பழைய கட்டடத்துக்குப் புதிய வேலை கொடுப்பது மதுரைக்குப் புதிதில்லை. அந்த அனுபவத்தைப் பார்த்தால் ஒரு பாடம் கிடைக்கும்.

திருமலை நாயக்கர் மகாலை எடுத்துக்கொள்வோம். கட்டியவரின் பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது அரண்மனையின் பகுதிகளைப் பிரித்து எடுத்துப் போனார். இன்று நாம் பார்ப்பது மூல அரண்மனையில் ஒரு சிறு பங்கு. பாழாகிக்கொண்டிருந்த அதைக் காப்பாற்றியவர் 1866 முதல் 1872 வரை சென்னை கவர்னராக இருந்த நேப்பியர் பிரபு. அவர் காலத்துப் பழுதுபார்ப்புக்குப் பிறகு மாவட்ட நீதிமன்றம் அங்கே இயங்கியது. 1970 வரை நடந்தது. சிம்மாசன மண்டபத்தில் வக்கீல்களும் கட்சிக்காரர்களும் வாய்தாவுக்குக் காத்திருந்தார்கள். நீதிமன்றம் இருந்ததால்தான் கூரை ஒழுகினால் ஒருவர் கவனித்தார். இப்போது தொல்லியல் துறையின் கீழ் நினைவுச்சின்னம். மாலையில் ஒலி-ஒளிக் காட்சி. சினிமாப் பாட்டுக்கும் அரங்கமாக இருந்திருக்கிறது. 'பம்பாய்' படத்தின் 'கண்ணாளனே' பாடலைப் பார்த்தவர்களுக்கு அந்தத் தூண்கள் தெரியும்.

ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனை கைமாறிக் கைமாறிக் கலெக்டர் பங்களாவானது. 1955-ல் காந்தி நினைவு நிதியிடம் ஒப்படைக்கப்பட்டு, 1959 ஏப்ரல் 15-ஆம் தேதி நேரு திறந்துவைக்கக் காந்தி அருங்காட்சியகமானது. யானைச் சண்டையும் விளையாட்டும் பார்க்க எழுந்ததாகச் சொல்லப்படும் மாளிகையில், சுடப்பட்டபோது காந்தி அணிந்திருந்த ரத்தம் தோய்ந்த வேட்டி இருக்கிறது. அதே காந்தி 1921 செப்டம்பர் 22-ஆம் தேதி அரையாடைக்கு மாறிய மேலமாசி வீதி வீடு இன்று கதர்க்கடை. இதைவிடப் பொருத்தமான வாடகைதாரரை அந்த வீட்டுக்குக் கண்டுபிடிக்க முடியாது.

வேலையில்லாமல் போன மண்டபத்தின் கதியையும் மதுரை பார்த்திருக்கிறது. 1912-ல் வந்த அடெலைன் பெப்பர் கிப்சன் என்ற அமெரிக்கப் பெண்மணி, மதனகோபால சுவாமி கோயில் வளாகத்தில் கவனிப்பாரற்றுக் குவிந்து கிடந்த சிற்பத்தூண்களை விலைக்கு வாங்கினார். அவை கப்பலேறின. இன்று பிலடெல்பியா கலை அருங்காட்சியகத்துக்குள் ஒரு முழு மண்டபமாக நிற்கின்றன. பத்திரமாக, வெளிச்சம் போட்டு, குளிர்சாதனத்தில். சாமி வராது, தையல்காரரும் வரமாட்டார். மதுரையில் எந்தக் கடைக்காரராவது அந்தத் தூண்களின் அடியில் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தால் அவற்றை மூட்டை கட்டியிருக்க முடியுமா என்று யோசித்துப் பார்க்கலாம்.

இனி யார் குடியிருப்பார்கள்?

கட்டடத்தைக் காப்பது கல்லின் உறுதி மட்டும் இல்லை. தினமும் காலையில் கதவைத் திறக்கவும், ஒழுகினால் சத்தம் போடவும், வேறொருவர் கைவைத்தால் தடுக்கவும் ஆள் வேண்டும். அந்த ஆள் அங்கே ஏதாவது வேலையாக இருந்தால்தான் வருவார். புதுமண்டபத்துக் கடைக்காரர்கள் சிற்பத்துக்குக் கேடு செய்தார்கள்; அதே சமயம் நூறாண்டுக் காலம் அந்த மண்டபத்தின் காவல்காரர்களாகவும் இருந்தார்கள். அவர்களை வெளியேற்றியபோது கேட்டோடு காவலும் போனது. அந்தக் காவலுக்கு மாற்று என்ன என்பதுதான் இப்போது மதுரை பதில் சொல்ல வேண்டிய கேள்வி.

வழக்கமாக நடப்பது தெரியும். கம்பிவேலி, நுழைவுச்சீட்டு, 'தொடாதீர்கள்' பலகை, மாலை ஐந்து மணிக்குப் பூட்டு. அப்படிச் செய்தால் சிற்பம் தப்பும். ஆனால் மண்டபம் ஊரிலிருந்து விலகிப்போகும். அப்படி விலகாமலிருக்க மண்டபத்துக்குச் சில வேலைகள் கொடுக்கலாம். கல்லில் ஓர் ஆணிகூட அடிக்கத் தேவையில்லாத வேலைகள்.

முதல் வேலை, அது பிறந்ததே எதற்கோ அது: வைகாசி வசந்த உற்சவம், அகழியில் தண்ணீரோடு. மதுரைப் பிள்ளைகள் தங்கள் முன்னோர் வெயிலை எப்படி வென்றார்கள் என்பதை உடம்பால் உணரும் வாய்ப்பு அது. இரண்டாவது, மற்ற மாதங்களில் கதவு திறந்திருக்க வேண்டும். திருவிளையாடல் கதைகளைத் தூண் தூணாகச் சொல்லும் கதைசொல்லிகளுக்கும், ஓதுவார் பாட்டுக்கும், பள்ளிப் பிள்ளைகள் உட்கார்ந்து படம் வரையவும் இடம் வேண்டும். கோயிலுக்கு வந்து களைத்த கிராமத்துக் குடும்பம் எதுவும் வாங்காமல் நிழலில் உட்கார்ந்துவிட்டுப் போகவும் உரிமை வேண்டும். சத்திரம் என்று வெள்ளைக்காரர் தவறாகச் சொன்னதை அந்த அளவுக்கு உண்மையாக்கலாம்.

மூன்றாவது, சந்தையின் வரலாற்றை எழுதி வைப்பது. எந்தத் தூணில் எந்தக் குடும்பம் எத்தனை தலைமுறை தைத்தது, எந்தப் பதிப்பகம் என்னென்ன புத்தகம் போட்டது, சல்லடத்துக்கு எப்படித் துணி வெட்டுவார்கள் என்பதெல்லாம் இன்னும் ஆட்களின் நினைவில் இருக்கின்றன. தெரிந்தவர்கள் இருக்கும்போதே பதிய வேண்டும். சித்திரைக்கு முந்தைய வாரங்களில் மட்டும், மின்சாரமும் அலமாரியும் இல்லாமல், அளவெடுக்கவும் உடை கொடுக்கவும் அந்தத் தையல்காரர்களை மண்டபத்துக்கு அழைத்தால் என்ன? தீக்கும் இடமில்லை, ஆணிக்கும் இடமில்லை. அவர்களின் வாடிக்கையும் பிழைக்கும்.

திருமலை நாயக்கர் அந்த மண்டபத்தைக் காட்சிப்பொருளாகக் கட்டவில்லை. ஆண்டில் சில நாள் சாமியும் ஊரும் சேர்ந்து உட்காரக் கட்டினார். அந்தச் சில நாளை அதிகப்படுத்திக்கொடுப்பதுதான் பாதுகாப்பு. கோயில் நிர்வாகமும் தொல்லியல் அறிஞரும் மாநகராட்சியும் உட்கார்ந்து மண்டபத்தின் எதிர்காலத்தைப் பேசும்போது, குன்னத்தூர் சத்திரத்துக்குப் போன வியாபாரிகளுக்கும் ஒரு நாற்காலி போட வேண்டும். மண்டபத்தில் எந்தத் தூணில் ஒழுகும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.